அந்தம்மா பிழைக்க வேண்டும்

வர்ஜீனியா, பிப்ரவரி 9, 1846

என் அன்புக் கணவர் ஐசாமுக்கு,

உங்கள் கெசையா எழுதிக்கொள்வது. நானும் வயிற்றுப் பிள்ளையும் இதுவரை சுகம். ரிச்மண்டில் உங்களுக்கு வேலை கடுமை என்று புகையிலை வண்டிக்காரர் பீட்டன் சொன்னார். அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அடிமைக்கு எழுத்துத் தெரியும் என்று தெரிந்தால் முதுகுத் தோல் மிஞ்சாது.

வியாழக்கிழமை வக்கீல் வந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் எஜமானியம்மாவிடம் அவருடைய உயிலைப் படித்துக் காட்டினார். அந்தம்மாவின் தலையைத் தாங்கியபடி நான் அங்கேயேதான் நின்றேன். நாற்காலியை யாராவது வெளியே போகச் சொல்வார்களா? வெள்ளிக் கரண்டிகள், சாம்பல் குதிரை, அப்புறம் நான். நான் மகன் வில்லியமுக்காம். அந்தம்மா இறந்தபின் எனக்குப் பிறக்கும் முதல் பிள்ளை பேத்தி லவீனியாவுக்காம். லவீனியா புருஷனோடு மிசிசிப்பிக்குக் கிளம்புகிறாள், ஐசாம். அவ்வளவு தூரம் போன பிள்ளையை நாம் எங்கே பார்ப்பது?

"அதுக்கு முன்னாடியே பொறந்துட்டா?" என்று வில்லியம் கேட்டார். "அப்போ தாயோட சேத்தி" என்றார் வக்கீல். இருவரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இந்தக் கிழம் எப்போது போகும் என்று காத்திருந்தவள் நான். இப்போது கோழிச்சாறு ஊட்டுகிறேன், காலடியில் சுட்ட செங்கல் வைக்கிறேன், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். அந்தம்மா என் கையைப் பிடித்து அழுகிறார். "பெத்ததுங்ககூட இப்படிப் பாக்கலடி. எம்மேல உனக்கு எவ்வளவு பாசம்!" என்கிறார். நான் தலையாட்டுகிறேன்.

நேற்று டாக்டர் மூன்று நாள்தான் என்றார். எனக்கோ இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மருத்துவச்சி ஃபீபி அக்காவின் காலில் விழுந்து பருத்தி வேர்க் கஷாயம் கேட்டேன். "வலி வந்துரும்டி. ஆனா எட்டு மாசப் புள்ள இந்தக் குளிரைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். இன்று காலை குடித்துவிட்டேன். உங்களைக் கேட்க நேரமில்லை. தப்பென்றால் மன்னியுங்கள்.

இடுப்பு பிடித்து இழுக்கிறது. பயமாக இருக்கிறது, ஐசாம். உங்களை அவ்வளவு தூரம் வாடகைக்கு அனுப்பிய அந்தம்மாவை நீங்கள் சபித்தது கொஞ்சமல்ல. இன்று எனக்காக மண்டியிடுங்கள். நம் பிள்ளை அழும் சத்தம் கேட்கும்வரை கர்த்தர் அந்தம்மாவுக்கு ஆயுளைக் கொடுக்கட்டும்.

உங்கள் மனைவி,
கெசையா