இப்ராஹீம் பெயருக்கு வரும் நூல்

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

அவர் போனபின் வாசல் தாண்டாமல் இத்தா இருக்கிறேன்; இன்று எழுபதாவது நாள். இன்றும் உல்லன் நூல் பார்சல் வந்தது. வெள்ளை, எட்டுக் கண்டு. பிரிக்காமலே பீரோவுக்குள் வைத்து, கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினேன்.

அழுகை வரவில்லை. பசியும் இல்லை.

14 ஆகஸ்ட்

ஷிபா பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் பீரோவைத் திறந்தாள். நூல் எல்லாம் அவள் தலையில்.

"சங்கரன்கோவில் வெயிலுக்கு இம்புட்டு உல்லனா உம்மா? இருக்கத மொதல்ல பின்னுங்க. வாப்பா மௌத்தான பொறவு ஊசியத் தொட்டீங்களா?"

மகள் டீச்சரானால் வீட்டிலும் வகுப்புதான். ஆனாலும் அவள் சொன்னது நியாயம்.

19 ஆகஸ்ட்

நாற்பத்தொரு கண்டு இருக்கிறது. பின்னியது ஒன்றுமில்லை. இன்னொரு ஆர்டர் போட்டேன்.

23 ஆகஸ்ட்

பீரோவின் அடியில் அந்தப் பச்சை நூல்.

மே மாதம், "டயாலிசிஸ் ரூம்ல ஏசி தலைக்குள்ள எறங்குது, ஒரு குல்லா பின்னித் தா" என்றார். அன்றே பச்சை வாங்கினேன். நீலம் எடுப்பாக இருக்குமோ என்று நீலமும் வாங்கினேன். பிறகு இன்னும் மெல்லியதாக ஒன்று. ஜூன் மூன்றாம் தேதி போய்விட்டார். கடைசிவரை துண்டைத்தான் தலையில் சுற்றியிருந்தார். பக்கத்துக் கட்டில் வீரபாண்டி அண்ணாச்சியும் அப்படித்தான்.

இரண்டு நாள் வேலை. செய்யவில்லை. நான் என்ன மனுஷி?

28 ஆகஸ்ட்

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

ஆர்டர் போவது அவர் போனிலிருந்து, அவர் பெயரில். கூரியர் செல்வமணி கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, "இப்ராஹீம் பாய்! பார்சல்!" என்று கூப்பிடுவான். நான் கதவுக்குப் பின்னால் நின்று, "அங்கன வச்சிட்டுப் போப்பா" என்பேன். அவ்வளவுதான்.

இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஷிபாவுக்கு வாப்பா. சொந்தங்களுக்கு மௌத்தானவர். முப்பது வருஷமாக எனக்கு "ஏங்க". நான் எழுதுவதுகூட இன்றுதான் முதல் தடவை.

அதைக் கேட்கத்தான் வாங்குகிறேன். நூலுக்காக இல்லை.

5 செப்டம்பர்

"வாப்பா நம்பர் கட்டாயிரும் உம்மா" என்று ஷிபா, ஆர்டர் போடும் கணக்கு உள்பட எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிவிட்டாள். நல்ல மனசில்தான் செய்தாள். திட்ட முடியவில்லை.

9 செப்டம்பர்

"மகபூப் பீவி! பார்சல்!"

கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மூன்று தடவை கூப்பிட்டு, வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

அப்புறம் அழுதேன் — தொண்ணூற்றெட்டு நாள் கழித்து, செருப்பு வைக்கும் இடத்தில் உட்கார்ந்து.

10 செப்டம்பர்

ஆர்டர் போடவில்லை.

21 செப்டம்பர்

பச்சைக் குல்லா முடிந்தது. ஓரத்துக்கு நூல் போதவில்லை. புதிது வாங்காமல் நீலத்தைச் சேர்த்தேன். ஷிபாவிடம் கொடுத்து, "வீரபாண்டி அண்ணாச்சிக்கு" என்றேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

2 அக்டோபர்

ஏழு குல்லா ஆயிற்று. அந்த டயாலிசிஸ் அறையில் பன்னிரண்டு கட்டில்.

10 அக்டோபர், வெள்ளி

நேற்றோடு இத்தா முடிந்தது. காலையில் கேட்டைத் திறந்து வெளியே நின்றேன். வெயில் கண் கூசியது. தெருவில் போன செல்வமணி வண்டியை நிறுத்தினான்.

"இப்ராஹீம் பாய் வீட்டு அம்மாதான? இப்பம்லாம் பார்சலே வரலியே?"

"வீட்லயே நெறைய கெடக்குப்பா. யாரு வீடுன்னு கேட்டே?"

"இப்ராஹீம் பாய் வீடுன்னேன்."

"ஆமா" என்றேன்.