தடியனை ஏற்ற வரும் வண்டி

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் பேரனும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடப் பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். என் அலுவலகம் அப்படியேதான் இருக்கிறது. என்னிடம் வேலை பழகியவர் எனக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, என் விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு நாள் மேசையில் ஊறப்போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். பதிவேட்டில் ஒரு தேதியை இன்னொருவன் திருத்தினான், கீழே என் கையெழுத்து இருந்தது, பதவி உயர்வு போனது. இந்தப் பழைய புலம்பலை இப்போது எதற்கு எடுக்கிறேன் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது.

நீங்கள் எங்களிடம் விட்டுப்போன தடியன் நன்றாகச் சாப்பிடுகிறான். நாயே வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டவன் நான், ஏழு மாதமாக அவனுக்குக் காது துடைத்துக்கொண்டிருப்பவனும் நான்தான். நீ சொன்னபடி விமானத்துக்கான கூண்டைக் கூடத்தில் சன்னலோரம் வைத்துப் பழக்கினேன். முதல் வாரம் தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சாப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினான், இப்போது சொன்ன மாத்திரத்தில் உள்ளே போய்த் திரும்பிப் படுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறான். உன் பழைய சட்டையை உள்ளே விரித்திருக்கிறேன். பழகாமல் முரண்டு பிடித்திருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். தப்பு என்னுடையது, அதை நானே சொல்லிவிடுகிறேன். தடியனை உங்களிடம் அனுப்ப மாப்பிள்ளை ஏற்பாடு செய்த அந்த ஏஜென்ட், நாம் பேசும்போதெல்லாம் கையைத் திருப்பி நேரம் பார்ப்பானே, அம்மாகூடக் கடிகாரம் என்று பெயர் வைத்தாளே, அவன் ஆரம்பத்திலேயே சொன்னான், முதல்ல சிப்பு சார், அப்புறந்தான் ஊசி, மாத்திடாதீங்க என்று. ஒரு பக்கக் கடிதத்தில் நாலு எழுத்துப்பிழை விடுகிறவனிடம் எது முதல் எது பின் என்று நான் பாடம் கேட்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. தோலுக்கடியில் வைக்கிற அந்த அடையாளச் சிப்பை விற்கத்தான் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்தேன். வெறிநோய் ஊசியை ஒன்றாம் தேதி போட்டுவிட்டு, சிப்பை மூன்றாம் தேதி வைத்தேன். நாய்க்கு எண் கொடுக்கும் முன்பே போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று நீங்கள் இருக்கும் நாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும், அதனால் அவன் கணக்கில் அது போடாத ஊசிதான். அதன் மேல் எடுத்த ரத்தப் பரிசோதனையும் செல்லாது, காத்திருந்த மூன்று மாதமும் செல்லாது. போன வாரம் கடைசிச் சான்றிதழுக்குப் போனபோதுதான் டாக்டரம்மா தடுப்பூசிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, என்னங்கய்யா, ஊசி முந்தி சிப்பு பிந்தி இருக்கே, இதோட போனா நிக்க வச்சிருவாங்களே என்றார். படித்தவன் என்ற திமிரோடு உள்ளே போனவன் வெளியே வரும்போது செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். அதற்கென்ன மாமா, நான் பாத்துக்கறேன், புத்தகத்தை அந்த ஏஜென்ட் ஆபீஸ்ல குடுத்துருங்க என்றார். கொடுத்தேன். அதுவும் என் தப்புதான். முந்தாநாள் திரும்பி வந்த புத்தகத்தில் ஊசி போட்ட தேதி ஒன்று இல்லை, ஏழு. ஒன்றின் தலையில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான், மை கூட ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கேட்டதற்கு, ஒரு கோடுதானே மாமா, யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப்போறா என்கிறார். பார்ப்பார்கள். முப்பது வருஷமாக நான் அப்படிப் பார்க்கிற வேலையைத்தான் செய்கிறேன். டாக்டரம்மாவின் பதிவேட்டில் ஒன்று என்றே இருக்கிறது, அந்த நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் அந்த அம்மா பொய் சொல்ல மாட்டார். உன் அம்மா என்னைத்தான் திட்டுகிறாள், உங்க வீம்புக்கு அந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணுச்சு, இருந்திருந்து இப்ப யோக்கியம் பேசறீங்க என்று. அவள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

நேற்று அரை நாள் விடுப்பில் கடிகாரத்தின் அலுவலகத்துக்கே போனேன். ஒரு நகலெடுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. சுவரோரம் பழைய கூண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றின் கதவுக் கம்பி உள்ளேயிருந்து வெளியே வளைந்திருந்தது, பிளாஸ்டிக் முழுக்க நகக்கீறல், உள்ளே கழுத்துப்பட்டை ஒன்று கிடந்தது. இது என்ன என்றேன். அது வேற கேசு சார் என்று சொல்லிவிட்டுக் கூண்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான். தேதியைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று அங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். அடுத்த ப்ளைட்ல திருப்பி அனுப்புவாங்க சார், இல்லன்னா மாசக்கணக்குல அடைச்சு வைப்பாங்க, அதுவும் இல்லன்னா, என்று சொல்லி அந்த ஏஜென்டின் முகத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். மூன்றாவதை நான் மேசையில் கிடந்த அனுப்பும் படிவத்தில் படித்துக்கொண்டேன். விலங்கு உரிமையாளரின் ஒப்புதலின்றி அப்புறப்படுத்தப்படலாம் என்று பதினோராவது பத்தியில் இருக்கிறது. பழுதான காகிதக் கட்டுகளுக்கு எங்கள் அலுவலகத்தில் எழுதுகிற அதே வார்த்தை, அதற்குப் பிறகு அவற்றை என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும்.

நான் அனுப்பப் போவதில்லை என்றேன். அவன் கையைத் திருப்பி நேரம் பார்த்துவிட்டு, நீங்க அனுப்பவேண்டியதில்ல சார், வியாழக்கிழமை காலைல ஆறு மணிக்கு வண்டி வரும், ஓனரம்மா கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க கதவத் திறந்துவிட்டா போதும் என்று படிவத்தின் கடைசித் தாளை என் முன்னால் தள்ளினான். நாய் உன் பெயரில் இருக்கிறது, நான் வெறும் காவல்காரன், அது சரி. எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன் என்ற வரிக்குக் கீழே உன் பெயரில் கையெழுத்து இருந்தது. உன் பள்ளி மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை நீயே போட்டுப் பிடிபட்டாயே, அன்றைக்கு உன்னை உட்காரவைத்து, இனி உனக்கென்று ஒரு கையெழுத்து வைத்துக்கொள் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதவைத்தவன் நான். உன் கையெழுத்தின் கடைசிச் சுழி எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தாளில் அது வேறு பக்கம் போகிறது.

அம்மாடி, இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும் செய்தியைக்கூட அன்றைக்கு மாப்பிள்ளை என்னிடம் நேரில் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது, அந்த வருத்தத்தில் இப்படி எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். அந்த வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அதையும் இதையும் நான் கலக்கவில்லை. அந்தக் கையெழுத்து அவசரத்தில் நீயே போட்டது என்றால் ஒரு வார்த்தை சொல், நான் கண் மங்கிய கிழவன் என்று ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் வண்டியை நிறுத்து, டாக்டரம்மா புதன்கிழமை மறுபடி ஊசி போட ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னும் நாலு மாதம் நான் அவனுக்குக் காது துடைக்கிறேன், பேரனிடம் தாத்தா தேதியைத் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று சொல். நீ போட்டதில்லை என்றால், உன் பெயரில் அங்கே வேறு எந்தெந்தத் தாளில் கையெழுத்து இருக்கிறது என்று பார். வங்கித் தாள், வீட்டுத் தாள், உன் பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது. சத்தம் போடாமல் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள், குழந்தையைக் குளிரில் தலையை மூடி அழைத்துப் போ. நீங்கள் நீண்ட நாள் குறையில்லாமல் வாழவேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். வியாழன் ஆறு மணிக்கு முன்னால் கூப்பிடு, வீட்டிலிருந்து வேண்டாம், வேலை இடத்திலிருந்து தனியாகக் கூப்பிடு. அதுவரை இங்கே கதவைத் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா