கதையில்லாத ஒரு நம்பர்

திருவொற்றியூர்
12-8-2003

என் செல்ல மகள் யசோதராவுக்கு, திருவொற்றியூர் சமஸ்தானத்தின் ஒரே ராஜாவும் ஒரே குடிமகனுமான உன் நைனா எழுதுவது. நீ அங்கே குளிரில் உறைந்துவிடாமல் நலமாக இருக்கிறாயா? என் நலத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு முன் பேச நிறைய இருக்கிறது.

எலும்புப் புற்றுநோயைப் பற்றி நீ எழுதிய கட்டுரை வந்த புத்தகம் கிடைத்தது. உன் பெயரைத் தவிர ஓர் எழுத்துகூடப் புரியவில்லை, ஆனாலும் மூன்று தடவை படித்தேன். தெரு முழுக்கக் காட்டினேன், கிளாஸ்கோவில் நீ நடந்து வந்தால் பஸ்ஸையெல்லாம் நிறுத்தி வழிவிடுகிறார்கள் என்றும் சொல்லிவைத்தேன். அதன் பலன், மீன் ஏலம் விடும் திருமலை நேற்று சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். உம் பொண்ணு எலும்பு டாக்டராமே மாமு, எப்ப வருது, இந்தக் காலுக்கு ஒரு கட்டு போடச் சொல்லேன் என்கிறான். எப்போதும்போல இருந்தால் அவனுக்கு நாள் குறித்துக் கொடுத்து, வரும்போது நாட்டுக்கோழி முட்டை கொண்டுவரச் சொல்லியிருப்பேன். நேற்று சிரிக்க முடியவில்லை. உன் அம்மா சொக்கம்மாளின் முழங்காலும் அப்படித்தான் வீங்கியது. படியில் லேசாக வழுக்கினாள், அவ்வளவுதான். கட்டுப்போடும் வைத்தியரிடம் அவளைத் தூக்கிப்போனது நான், மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தும் முழுசாக நிற்கிறாள் என் தங்கச்சி என்று அங்கே அளந்ததும் நான். அவர் நம்பிவிட்டார், எலும்பு முறிவு என்று எட்டு மாதம் எண்ணெய்க் கட்டு போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது எலும்பில் இருந்த புற்று நுரையீரல்வரை போயிருந்தது. உனக்கு அப்போது ஏழு வயது. அவள் போன பிறகுதான் நீ மாமா என்பதை விட்டு நைனா என்றாய். மாடிக் கதையை இதுவரை உன்னிடம் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. சிறுநீரகத்தில் லேசான கோளாறு என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். பிப்ரவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் ரயிலேறி டயாலிசிஸுக்குப் போகிறேன். அங்கே சின்னப்பையன் என்று என் பெயரைக் கூப்பிட்டதும் எல்லோரும் ஒரு குழந்தையைத் தேடுகிறார்கள், ஐம்பத்தாறு வயது நரைத்த தலை எழுந்து போகிறது. நர்ஸ் ஜெரினா, இன்னா நைனா, எப்பவும் தனியாவே வந்துகினு கீற என்பாள். என் பரிவாரம் வெளியே யானையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பேன். திரும்பி வந்தால் வீட்டில் ரேடியோதான், அதோடு சண்டை போட்டாலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. கண்ணெதிரே கடல் கிடக்கிறது, நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம்.

போன மாதம் போனில் நீ, கதை வுடாத நைனா, ரத்தத்துல கிரியாட்டினின் எவ்ளோன்னு நம்பரைச் சொல்லு, தேவைப்பட்டா எங்கிட்ட ரெண்டு கிட்னி கீது என்றாய். ஒன்றரை என்றேன். ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் பெருக்கிச் சொன்னவன் அதை மட்டும் சுருக்கிவிட்டேன். ஒரு பொய்யால் உன் அம்மாவைத் தொலைத்தவன், உன் உடம்பிலிருந்தும் ஒன்றைக் கேட்பதா என்று கூசியது. திருமலை போன பிறகு யோசித்தேன். அன்றைக்கு வைத்தியரிடம் உண்மை போகவில்லை, இன்றைக்கு உன்னிடமும் போகாவிட்டால் எப்படி? ஆகவே கேள்: ஒன்பது புள்ளி நான்கு. இதில் ஒரு துளி கதை இல்லை. மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்கிறார் டாக்டர்.

தாய்மாமனுக்குத் தருவதென்றால், அன்பினால்தான் தருகிறாயா என்று ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்குமாம். பழைய கடிதங்கள் இருந்தால் எடுத்துவா என்றாள் ஜெரினா. பிஸ்கட் டின்னில் உன்னுடையவை நூற்றுப் பதினேழு இருக்கின்றன, எண்ணிச் சொல்கிறேன், பெருக்கவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். உன் உடம்பைச் சோதித்து டாக்டர்கள் வேண்டாமென்றால் அத்தோடு விடு, ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மா கொடுக்காமல் போன ஆசியையும் சேர்த்து, இரண்டு கையாலும் வாழ்த்துகிறேன், நூறு வயது இரு.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் உன் பெயருக்கு எதிரே உறவு என்று போட்டிருந்த இடத்தில் மகள் என்று எழுதினேன். இன்னா பெர்சு, தங்கச்சி பொண்ணுன்னா அப்டியே எழுது, அத்த அடிச்சிட்டு மாத்து என்றார் குமாஸ்தா. எனக்குக் கை வரவில்லை. அடிப்பதானால் நீ வந்து அடி.

உன் நைனா,
சின்னப்பையன்