மேல இருக்குற பேரு

14.9.97 ஞாயிறு

முருகா, தண்டாயுதபாணி, உனக்குத்தான் இந்த நோட்டுல எழுதுறேன், நீயாவது கேளு. இந்த வீட்டுல என் பேச்சக் கேக்க யாரு இருக்கா? அண்ணன் மக சீதா நீலாய்ல இருக்குற பேக்டரியில இருந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துர்றா. வெளியில புகை. சுமத்ராவுல காடு எரியுதாம். எதுத்தாப்புல நிக்கிற ரப்பர் மரமே கண்ணுக்குத் தெரியல.

சம்பளம் இல்லாம என்னடி வேலைன்னு இன்னிக்கு விடாம கேட்டுட்டேன். பாவம், சொன்னா. பல தேசத்து ஆளுங்க சேந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சிஸ்டம் செஞ்சு இனாமாக் குடுக்குறாங்களாம். அதுல ஓடுற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு பைல் உண்டு, சமையல் குறிப்பு மாதிரி. சாமான எங்க இருந்து எடுக்கணும், எதை முதல்ல போடணும், எது மேல எதை ஏத்தணும்னு அதுல எழுதியிருக்கும். அதப் படிச்சு மெசின் தானாச் சமைச்சுக்கும். வழியில யாரும் கை வைக்கலன்னு பாக்க நீளமா ஒரு நம்பரும் இருக்கு. அந்தப் பைலுங்கள்ல நாப்பது சொச்சம் இவ பொறுப்பு.

ஒவ்வொண்ணுக்கும் மேல இவ பேரு. சீதாலெட்சுமி சோலையப்பன். அண்ணன் பேரும் சேந்து உலகம் பூரா போகுது. கம்ப்யூட்டர் கண்ணாடியில அந்தப் பேரத் தொட்டுப் பாத்தேன்.

21.9.97

மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு சிரம்பான் கோயிலுக்குப் போனேன். உன் முகமே மங்கலாத்தான் இருந்துச்சு.

2.10.97

தேவகோட்டையில இருந்து அண்ணன் பேசினாரு. சீதாவுக்கு சம்மந்தம் முடிவாயிருச்சு. ஐப்பசியில கல்யாணம். சீதா ஒரு மாசத்துக்கு மேல அங்க இருக்கணும்.

அப்ப உன் பைலுங்க? மார்ட்டின்னு ஒருத்தன் பாத்துக்கிறானாம். நார்வேக்காரன். ஆறு மாசமாத் தப்புத் தவறெல்லாம் திருத்தி அனுப்புறானாம், தங்கமான பையனாம்.

எந்தக் கோயில்னு கேட்டேன். வாயில வந்துருச்சு, புது ஆளக் கண்டா எந்தக் கோயில் வழின்னு முதல்ல கேக்குறது நம்ம ஆளுங்க பழக்கம். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரையேறிருச்சு. "அங்கெல்லாம் கோயில் கேக்க மாட்டாங்க அத்தை. வேலை சுத்தமா இருந்தாப் போதும்லா."

முகத்தப் பாத்தியா? இல்ல. குரலாவது? அதுவும் இல்ல.

12.10.97

மார்ட்டின்கிட்ட சாவியக் குடுத்துட்டாளாம். பாஸ்வேர்டாம், அதுதான் சாவி. சரி, உன் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டாச்சான்னேன். போடலையாம். அவன்தான் வேண்டாம்னானாம். "நீ திரும்பி வரத்தானே போற, உன் பேரே இருக்கட்டும், எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு"ன்னு எழுதியிருக்கான்.

நம்ம கோயில்ல காரியக்காரர் மாறினா நாலு பேரு முன்னாலதான் நகையெல்லாம் சரிபாத்துக் குடுப்பாங்க. பழைய ஆளு பேரு அன்னியோட போயிரும். வேலை அவனுக்கு, பேரு உனக்கா? அவன் கையில உன் பேரக் குடுத்துட்டுப் போறியேடின்னேன்.

"உங்களுக்கு பாசார்ல மீன்காரர் மேலயும் சந்தேகம்தான்"னு சொல்லிட்டுப் புடவை மடிக்கப் போயிட்டா. நான் மீனே வாங்குறதில்ல.

30.10.97 தீபாவளி

புகை நெஞ்சுல எறங்கிருச்சு. டாக்டர் பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாரு. சனிக்கிழமை சீதா மட்டும் போறா. நான் தூக்கி வளத்த பிள்ளை கல்யாணத்துக்கு நான் இல்ல. இதுவும் உன் சித்தமா?

13.11.97

திருப்பூட்டியாச்சு, பிள்ளை கழுத்துல தாலி ஏறிருச்சு. அண்ணன் அழுதுகிட்டே சொன்னாரு.

18.11.97

பேக்டரியில சீதாவுக்கு மேல உள்ள அமிர்தலிங்கம் வந்தாரு. தேத்தண்ணியத் தொடல. சீதா பிளேன் ஏறின மறுநாளு அவ பைல்ல ஒரு வரி கூடியிருக்காம். எங்கயோ இருந்து என்னத்தையோ எடுத்து உள்ள கலக்குற வரி. நம்பரையும் அதுக்குத் தக்கன மாத்திட்டாங்க, அதனால சோதனையில தெரியல. பேக்டரி மெசினுக்கெல்லாம் இந்தச் சிஸ்டத்தப் போட்டவளே சீதாதான். இப்ப அங்க உள்ள பிளானெல்லாம் வெளியில போயிருச்சாம். வேற தேசத்துலயும் இதே கதையாம்.

மார்ட்டினக் கேளுங்கன்னேன்.

அவரு என் முகத்தப் பாக்காமச் சொன்னாரு: "அப்படி ஒரு ஆளே இல்லம்மா. அந்தச் சிஸ்டம் செய்யிறவங்க தேடிப் பாத்துட்டாங்க. மாத்தினது சீதா சாவி. மேல இருக்கிறதும் சீதா பேரு. செஞ்சிட்டு இந்தியாவுக்கு ஓடிட்டான்னு பேசுறாங்க. கம்பெனி நாளைக்குப் போலீசுக்குப் போகுது."

ஓடுனாளா? மாலையும் கழுத்துமா நிக்கிற பிள்ள.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை வீட்டுல இத எப்படிச் சொல்றதுன்னாரு.

20.11.97

சீதா பேசினா. அழல. அது இன்னும் பயமா இருந்துச்சு. "நான் இல்லன்னு காட்ட என்கிட்ட ஒண்ணுமே இல்ல அத்தை. அவன யாருமே பாத்ததில்ல, பேசினதில்ல"ன்னா.

போனை வச்சிட்டு விளக்கேத்தினேன். உன் முன்னால கண்ண மூடினப்பத்தான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. முருகா, தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு போன் வந்துச்சே. கல்யாணத்துக்குக் கொண்டு போக மனகோலப் பலகாரம் சுட்டுக்கிட்டிருந்தேன். சீதாவோட கம்ப்யூட்டர் கூட்டாளின்னான். பிளேன் என்னிக்கு, தேவகோட்டை வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குமான்னு கேட்டான். இருக்காதுப்பா, ஒரு மாசத்துக்கு அவ அதத் தொடவே மாட்டான்னேன். எண்ணெய் காயுதுன்னு வச்சிட்டேன். சீதாகிட்டச் சொல்லவே இல்ல.

வெளிநாட்டுக் கால் மாதிரி கரகரன்னு இல்ல. பக்கத்து வீட்டுல இருந்து பேசுற மாதிரி இருந்துச்சு. தமிழ்லதான் பேசினான். நான் யாருன்னு சொல்றதுக்கு முன்னாலயே, நம்ம ஆளுங்க கூப்பிடுற மாதிரி என்னை ஆச்சின்னு கூப்பிட்டான்.