மல்லாந்து மிதந்தவர்

என் செருப்புக் காவலருக்கு,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று மலைப்பாதை முழுக்க மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறினீர்கள். மேலே சுனையைப் பார்த்ததும் வழக்கம்போலக் கரையில் உட்கார்ந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதானே உங்கள் வேலை? நான் எத்தனை முறை கூப்பிட்டும் "எனக்குத் தண்ணியே ஆகாது, விடும்மா" என்றவர்தானே?

"அம்மா, அப்பா மிதக்கறாரு பாரேன்!" என்று அவள் கத்தியபோதுதான் திரும்பினேன். மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற மாதிரி மிதந்தீர்கள்.

"தானா வந்துடுச்சு" என்றீர்கள்.

தானாக வராது. நாள் முழுக்க நீச்சல் குளத்தில் நின்று நான் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். யாராவது பிடரிக்கு அடியில் கை கொடுத்து, "நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று வாரக்கணக்கில் சொன்னால்தான் அந்தக் கண் மூடும்.

புதுசு என்று நீங்கள் சொன்ன நீச்சல் டவுசரும் என் நீச்சல் உடையைப் போலவே நீச்சல் குளத்துக் குளோரின் மருந்தில் வெளுத்திருக்கிறது. துவைத்தவள் நான்.

எந்தக் குளம், யாருடைய கை என்று கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அந்தச் சுனைக்குப் போவோம். இந்த முறை உங்கள் பிடரிக்கு அடியில் நான் கை கொடுக்கிறேன். கண்ணை மூடுகிறீர்களா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள்