தலைநகரில் காலி வட்டங்கள்

அக்டோபர் 4

என் நாவலின் பதினான்காம் அத்தியாயம். சரகான் பேரரசின் குதிரைப்படை எதிரியின் தலைநகரை எரித்தாகிவிட்டது. அதே இடத்தில் புதுத் தலைநகர் எழ வேண்டும். மதில், நான்கு வாசல், கொல்லர் தெரு என்று மூன்று வருடம் உட்கார்ந்து வரைந்த ஊர்.

பதிப்பகத்து உயங்கா போன் செய்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க புல்வெளியில உயிர் இருக்கு. ஊருக்குள்ள வந்தா வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு. மே மாசத்துக்குள்ள சரி பண்ணலேன்னா புத்தகமே வேண்டாங்கிறாங்க."

கோவித்துக்கொண்டேன்.

அக்டோபர் 9

தம்பி ஜம்பல் வந்து சேர்ந்தான். போன குளிரில் பாதி மந்தை விறைத்துச் செத்தது. மீதியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, கூடாரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு உலான்பாத்தருக்கே வந்துவிட்டான். என் வேலிக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை. முன்பு குடியிருந்தவர்களின் கூடாரம் நின்ற வட்டம் அப்படியே இருக்கிறது, சமதரை. அங்கே போடச் சொன்னேன்.

"அடுத்தவன் அடுப்புச் சாம்பல் மேல நான் படுக்கணுமா?"

"அவங்க போயி ரெண்டு வருஷமாச்சுடா."

"போனா? அவங்க இடம் இல்லேன்னு ஆயிடுமா? பட்டணத்துல படிச்சுக் கெட்டுப்போயிட்டக்கா நீ."

கழிப்பறைக்குப் போகும் வழியை மறித்து, சரிவில், கல்லை முட்டுக்கொடுத்துப் போட்டான்.

அக்டோபர் 10

சுற்றிக்கொண்டு போனேன். கடுப்பு.

நவம்பர் 2

உப்புத் தேநீரோடு உட்கார்ந்து ஜம்பல் என் தலைநகரின் வரைபடத்தைப் பார்த்தான். எரிந்த ஊரின் மேலேயா புது ஊர் என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

"அப்ப உன் அரசன் நம்மாளு இல்ல. எவனோ மேஸ்திரி."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 3

ஓர்ஹோன் பள்ளத்தாக்குக்கு மூன்று முறை போயிருக்கிறேன். பழைய தலைநகரங்கள் இருந்த இடம். எங்களுக்கு முன் ஆண்ட உய்குர் மன்னர்களின் மதில் ஓரிடம். பின்னால் எங்கள் பேரரசர்கள் எழுப்பிய ஹார்ஹோரின் அங்கிருந்து ஒரு காலைச் சவாரி தள்ளி. ஒன்றின் மேல் ஒன்று இல்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனாலும் இது ஏன் எனக்கு உறைக்கவில்லை? கண் முன்னால் தம்பி சரிவில் படுத்திருக்கிறான் — அப்போதுமா?

வரைபடத்தைக் கிழித்தேன். சின்னச் சத்தம்தான் வந்தது.

டிசம்பர் 18

சரகானில் இனி யாருடைய அடுப்பின் மேலும் யாரும் குடியேற மாட்டார்கள். எரிந்த ஊர் எரிந்தபடியே கிடக்கும். புது ஊர் தள்ளி எழும். அதற்குள்ளும் ஒரு குடும்பம் பெயர்ந்தால் அந்த வட்டம் காலி. ஊர் வெளிப்பக்கமாகவே வளரும். இருநூறு வருடத்தில் நடுவில் அரசன், சுற்றிலும் காலி வட்டங்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவரும் இல்லை.

இருபது பக்கம் ஒரே மூச்சில்.

பிப்ரவரி 11

ஜம்பல் ஒரு கிடங்கில் காவலாளி. "பூட்டை மேய்க்கிறேன்கா. ஓடவும் மாட்டேங்குது, குட்டி போடவும் மாட்டேங்குது" என்கிறான். அவன் மந்தைக்கே திரும்பிப் போய்விடக்கூடாது என்று எனக்கு இருக்கிறது.

ஏப்ரல் 27

போய்விட்டான். சித்தப்பாவிடம் விட்டவை குட்டி போட்டிருக்கின்றனவாம். கூடாரத்தைப் பிரித்து ஏற்றி, முளைக்குழிகளையெல்லாம் மூடி, மண்ணைக் காலால் மிதித்துச் சமன் செய்தான்.

"இடத்த வேற யாருக்காவது குடுத்துடு."

"சாம்பல்?"

"உன் தம்பி அடுப்புச் சாம்பல்தானே. கடிக்காது."

மே 16

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டார்கள். புது வரைபடத்தில் காலி வட்டங்களுக்குள் என்ன வரைவது என்று ஓவியர் கேட்கிறாராம். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

மே 17

வழியை மறித்து இப்போது ஒன்றும் இல்லை. வாசலிலிருந்து கழிப்பறைக்கு நேராக இருபது எட்டு.

சுற்றிக்கொண்டுதான் போனேன்.