ஸ்கலீசி எழுதித் தந்த துண்டு

ஜனவரி 14
வேதியியல் சோதனை தொடங்கி நான்காவது நிமிடம் பாடசாலையின் தீ மணியை அடித்தேன். எழுநூறு பேர் வெளியே. சோதனைக்கே வேதனை. என் சிநேகிதி அபிதா மட்டும் முதுகில் குத்தினாள்: "விசரி, நான் படிச்சுக்கொண்டெல்லோ வந்தனான்."

ஜனவரி 16
பிடிபட்டேன். எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம், இன்ஸ்பெக்டர் ஸ்கலீசி. எனக்குப் புத்தி சொல்லும்போது மூன்று கொட்டாவி. இன்னொரு பொய் எச்சரிக்கை என் வாயிலிருந்து வந்தால் சிறுவர் நீதிமன்றமாம். வீட்டுக்கு வந்து கொட்டாவி விடும் சிங்கமொன்று வரைந்து, 'தூங்குசிங்கம் ஸ்கலீசி' என்று இன்ஸ்டாவில் போட்டேன். பதினொரு லைக்.

பெப்ரவரி 6
அம்மா வேலை செய்யும் வீட்டில், வீட்டுக்கார அம்மா சினியோராவின் மகன் அந்திரேயாவின் அலுமாரியில், உடுப்புக்கு அடியில் துவக்கு, சுடுகிற துப்பாக்கி; அம்மா கண்டிருக்கிறார். பக்கத்தில் பாடசாலையின் வரைபடம், வாசல்களில் சிவப்புப் புள்ளடிக் குறி. அவன் எங்கள் பாடசாலையில்தான் கடைசி வருடம்.
அம்மா சொன்னார்: "சினியோராட்டைச் சொன்னா வேலை போயிடும். பொலிஸிட்டைச் சொல்லுவம். நீ வந்து கதை."
எங்கள் ஆட்களின் வீடுகளில் இதுதான் பங்கீடு: பெரியவர்களுக்குக் கைகால், பிள்ளைக்கு வாய். டொக்டர், வங்கி, எங்கும் எட்டு வயதிலிருந்து அம்மாவின் இத்தாலிய வாய் நான்தான்.

பெப்ரவரி 7
பொலிஸ் நிலையத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஒருவர்தான் போகலாம் என்றார்கள். அம்மா என்னைத் தள்ளிவிட்டார். உள்ளே தூங்குசிங்கம்.
"இன்றைக்கு எங்கே நெருப்பு?"
என்ன சொல்ல? பாடசாலைக்குத் துவக்கு வரப்போகிறது என்றா? நானா? இவரிடமா?
"அம்மாவின் பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி அட்டை, புதுப்பிக்க வேண்டும். என்ன கொண்டு வரவேண்டும்?"
ஒரு துண்டில் எழுதித் தந்தார். கண்ணாடியூடாக அம்மாவுக்குத் தலையும் அசைத்தார்.
வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "எழுதினவரே?"
"ஓம்."
"இது முறைப்பாட்டுத் துண்டோ?"
"ஓம்."
அம்மா அதை பைபிளுக்குள் வைத்தார். மொழிபெயர்ப்பு என்பது மொழியைப் பெயர்த்து எறிவது. என் வேலை சுத்தம்.
அந்திரேயா சும்மா படம் காட்ட வைத்திருப்பான். விளையாட்டுத் துவக்காகத்தான் இருக்கும். இருக்காதா?

பெப்ரவரி 19
தீ மணி அடித்தது. நான் அடிக்கவில்லை. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஒருவரும் எழும்பவில்லை.
அபிதா கழிவறைக்குப் போயிருந்தாள்.

பெப்ரவரி 20
அந்திரேயா சுட்டு மூன்று பேர். அபிதா இரண்டாவது.

பெப்ரவரி 24
அடக்கம். அபிதாவின் அம்மா அகஸ்ரீனா அன்ரி என் அம்மாவின் கையை விடவேயில்லை. "யோசப்பீன் அக்கா, நீங்கள் ஒராள்தானே போய்ச் சொன்னனீங்கள்." அம்மா பைபிளைத் திறந்து, துண்டை மடித்தபடியே எல்லோருக்கும் காட்டினார். தொலைக்காட்சிக்கும் காட்டினார்: பொலிஸுக்குத் தெரியும், எழுதியும் தந்தவர்கள்.

மார்ச் 3
என் சிங்கம் நாற்பதாயிரம் பேரிடம் போய்விட்டது. ஸ்கலீசியின் வீட்டுக் கதவில் யாரோ அதை வரைந்து, கீழே 'கொலைகாரன்' என்று எழுதியிருக்கிறார்கள். அவருடைய மகளைப் பள்ளியால் நிறுத்திவிட்டார்களாம். "அந்தப் பிள்ளை பெர்மெஸ்ஸோ பற்றித்தான் கேட்டது" என்கிறார் மனிதர். ஒருவரும் நம்பவில்லை.
என்னையும் விசாரித்தார்கள். "அம்மா சொன்னதைத்தான் சொன்னேன்" என்றேன். சொல்லும்போது கொட்டாவி வந்தது. என்ன பிறவி நான்?

மார்ச் 19
துண்டு பைபிளில் இல்லை. அம்மா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். நீதவான் கையில்தான் கொடுப்பாராம்.

ஏப்ரல் 8
நீதவானின் அறைக்குள் அம்மாவோடு என்னை விடவில்லை. மொழிபெயர்க்க நிவேதிதா என்ற பெண் வந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். வெளியே வந்தபோது அவருடைய முகம் இறுகியிருந்தது.
"அந்தத் துண்டுல நாலு போட்டோ, ஒரு முத்திரை, பழைய கார்டுன்னுதான் இருக்கு. நான் படிச்சுச் சொன்னதும் உங்கம்மா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம், துப்பாக்கியையே பார்க்கல, டிவில வரணும்னு பொய் சொன்னேன்னுட்டாங்க. மூணு குழந்தைங்க செத்ததுல இப்படி ஒரு ஆசையா?"
பேருந்தில் அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடிக்கவுமில்லை. அடிச்சிருக்கலாம். அடியுங்கோவன் அம்மா.

மே 4
மாதா கோயில் படியில் வைத்து அகஸ்ரீனா அன்ரி அம்மாவின் முகத்தில் துப்பினார். அம்மா துடைத்துக்கொண்டு, பூசைக்கு உள்ளே போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எட்டு வயதிலிருந்து இருந்த வாய் — எங்கே போனது?

மே 20
ஸ்கலீசி மீது குற்றமில்லையாம். பத்திரிகையின் பதினாலாம் பக்கத்தில் ஐந்து வரி. வேலையை விட்டுவிட்டார். வீடும் விற்பனைக்கு. கதவில் என் சிங்கம் இன்னும் கொட்டாவி விடுகிறது.

ஜூன் 11
அம்மாவுக்கு இன்று டொக்டர். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். அம்மா மேல்மாடி றஜிதா அக்காவின் மகள் லக்ஷனாவின் கையைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு எட்டு வயது.
"பிள்ளை, நான் சொல்லுறதை மட்டும் சொன்னாப் போதும், என்ன?"
"ஓம் அன்ரி."